ஆறரைக்குக் கச்சேரி, அஞ்சரைக்கு என்ன சாப்பிடலாம்?

சாயங்கால நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள், அதில் என்ன சிரமம் என்று போன இதழில் கேட்டிருந்தேன். பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, காங்கயம் என்று கொங்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோவையின் சைவ ஓட்டல்களில் சாயங்கால ஷிப்ட் சூப்பர்வைசராகப் பல வருஷம் இருந்தவன் நான். வாரவிடுப்பு நாளில் கச்சேரியோ நாடகமோ பட்டிமன்றமோ இருந்தால் அங்கேதான் இருப்பேன். பரிமாறுகிறவரின் கஷ்டமும் தெரியும், பார்க்கப் போகிறவரின் அவசரமும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்கள்.

ஏனுங்கண்ணா, நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் பொள்ளாச்சியிலிருந்து கார்ல கோவை ஆர்.எஸ்.புரத்துக்குக் கச்சேரி கேக்க வருவோம். ஆறரைக்கு ஆரம்பம். போன தடவை அஞ்சே முக்காலுக்கு ஓட்டல்ல உக்காந்து ரவா ரோஸ்ட் சொன்னோம். அது வந்து, சாப்பிட்டு, அரங்கத்துக்குப் போய்ச் சேந்தப்ப வர்ணம் முடிஞ்சு ரெண்டாவது பாட்டு நடந்துட்டிருந்துச்சு. மாமியாருக்குச் சர்க்கரை வேற இருக்குது. எப்படித் திட்டம் போடறதுங்க?
– பொள்ளாச்சி வாசகி

அம்மணி, முதலில் அந்த ரவா ரோஸ்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதா தோசை மாவு கெட்டியாக இருக்கும். கரண்டியால் இழுத்துத் தேய்த்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் கல்லை விட்டு எழும்பிவிடும். ரவா மாவு அப்படியில்லை, நீர்க்க இருக்கும். கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உயரத்திலிருந்து வீசி ஊற்றினால்தான் அந்த ஓட்டை ஓட்டையான வலை விழும். தேய்க்க முடியாது, அவசரத்துக்குத் திருப்பிப் போடவும் முடியாது. சுற்றி எண்ணெய் விட்டு, தண்ணீர் வற்றி, அடிப்பக்கம் முறுகி வரும் வரை கல்லை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் கூட்ட நேரத்தில் தோசை மாஸ்டர் ரவாவை ஒவ்வொன்றாகப் போட மாட்டார். நாலைந்து ஆர்டர் சேரட்டும் என்று நிறுத்தி வைத்து, ஒரு ஈடு முழுக்க ரவாவுக்கே கொடுப்பார். உங்கள் ஆர்டர் அந்த ஈட்டுக்குச் சற்று முன்னால் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். ஈடு எடுத்த பிறகு போயிருந்தால் அடுத்த ஈட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சர்வர் உங்களை மறந்துவிட்டார் என்று தோன்றும். அவர் மறக்கவில்லை, உள்ளே ஜன்னலருகே நின்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

ஆகவே நிகழ்ச்சிக்குப் போகிற நாளில் ரவா ரோஸ்ட், அடை, ஊத்தப்பம், புரோட்டா வகையறாக்களை விட்டுவிடுங்கள். இட்லி, வடை, சேவை, இடியாப்பம், கிச்சடி – இவையெல்லாம் உள்ளே தயாராக இருப்பவை. எந்த ஓட்டலானாலும் உட்கார்ந்தவுடன் சர்வரிடம், “ஆறரைக்குக் கச்சேரி இருக்குதுங்க, இப்ப என்ன சூடா ரெடியா இருக்குது?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு அவர் உள்ளதை உள்ளபடி சொல்லுவார். மெனு கார்டில் அந்த விவரம் இருக்காது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆறரைக்கு ஆரம்பம் என்றால் ஆறே காலுக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். ஆர்.எஸ்.புரத்துக்குள்ளேயே நடை என்றால் பத்துப் பதினைந்து நிமிஷம், ஆக ஆறு மணிக்கு மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். அஞ்சேகாலுக்கு உட்கார்ந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டு, காபியும் குடித்து, கைகழுவி எழலாம். இன்னொரு விஷயம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, டிபன் ஆரம்பித்து, வேலை விட்டு வருகிறவர்கள் இன்னும் வந்து சேராத நேரம் அது. நாலரையிலிருந்து அஞ்சரை வரை எந்த ஓட்டலிலும் நிதானமாகக் கவனிப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவை சுமார் 40 கிலோமீட்டர். உக்கடம் மேம்பாலம் 2024-ல் திறந்த பிறகு ஆத்துப்பாலத்தில் நின்று தவிக்கிற நேரம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் மூன்றரைக்கே கிளம்பிவிடுங்கள். டி.பி. ரோட்டில் மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டு ஓட்டலுக்கும் அரங்கத்துக்கும் நடந்தே போய்விடலாம். ஓட்டல் வாசலில் ஒரு தடவை, அரங்க வாசலில் ஒரு தடவை என்று இடம் தேடுவதில்தான் பாதிப் பேருக்கு வர்ணம் போகிறது.

மாமியார் விஷயத்தில் கவனமாக இருங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், ஓட்டலில் உட்கார்ந்தவுடன் போட்டுவிட்டுத் தோசைக்குக் காத்திருப்பது ஆபத்து. சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வேர்த்து மயக்கம் வரும். வெளியூர் போகிற நாளில் எந்த நேரத்துக்குப் போடுவது என்று அவருடைய டாக்டரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டலில் அவருக்கு மட்டும் இரண்டு இட்லியை முதலில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களுக்குச் சொல்லுங்கள். கச்சேரி முடிய ஒன்பதாகும், வீடு சேரப் பத்தரை ஆகும். நடுவில் அவருக்குச் சாப்பிட ஏதாவது கைப்பையில் இருக்கட்டும்.

நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: நிகழ்ச்சிக்கு முன் டிபன், நிகழ்ச்சிக்குப் பின் சாப்பாடு. வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. வர்ணம் பாடும்போதுதான் பாடகரின் குரல் பதமாகிறது. பக்கவாத்தியக்காரர்கள் அரங்கத்தின் ஒலியைப் பிடித்துக்கொள்வதும் அப்போதுதான். முதல் நாலு வரிசை காலியாக இருக்க, அவர்கள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

எங்கள் நண்பர் குழுவில், மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபி குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள். “தாளத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?” என்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். தப்பா அய்யா?
– சாயிபாபா காலனி வாசகர்

தப்புதான் தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மிருதங்கக்காரர் மேடையேறியதிலிருந்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாடகர் எங்கே நீட்டுவார், எங்கே நிறுத்துவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன் கையை அடக்கி, பாட்டுக்குப் பாட்டு உழைத்துக்கொண்டிருப்பார். பிரதான உருப்படி முடிந்ததும்தான் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம் அவருக்கென்று கிடைக்கிறது. கூடவே கடமோ கஞ்சிராவோ இருந்தால் அவருக்கும் அதில் பங்கு. அந்த நேரம் பார்த்து நாற்காலிகள் கடகடவென்று மடங்குகிற சத்தம் மேடைக்குக் கேட்காது என்று நினைக்காதீர்கள்.

தாளம் தெரிய வேண்டியதில்லை. பாடகர் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார், அதையே பார்த்து நீங்களும் தட்டுங்கள். பெரும்பாலும் ஆதி தாளமாக இருக்கும், எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு – வீச்சு, தட்டு – வீச்சு. கையைத் தவறவிட்டால் விட்டுவிட்டு அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். மிருதங்கம் ஒரு நடையை வாசிக்க, கடம் அதற்குப் பதில் சொல்லும். பிறகு இருவரும் பாதியாக, அதிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் சேர்ந்து வாசித்து, கோர்வை என்கிற முடிப்புச் சொற்கட்டை மூன்று தடவை வைத்து, மிகச் சரியாகப் பாடகர் பல்லவியை எடுக்கிற இடத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த இடம் வந்து சேரும்போது உங்கள் கையும் அங்கே இருந்தால் உடம்பு சிலிர்க்கும். மானாமதுரை மண்ணில் செய்த ஒரு பானையிலிருந்து இத்தனை சொற்கள் வருகிறதா என்று இருக்கும். அதை விட்டுவிட்டு வெளியே போய் ஆறின காபி குடிப்பதா?

காபியை அஞ்சரைக்கே குடித்துவிடுங்கள். பசி தாங்கவில்லை, அல்லது பாத்ரூம் போக வேண்டும் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் எழுந்து போங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேன்டீனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் மார்கழி சீசனில் சபாக்களின் கேன்டீன் ஒரு தனி உற்சாகம். கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் உள்ளே போய் இலை போட்டுச் சாப்பிடலாம். காலை டிபன், மதியச் சாப்பாடு, சாயங்காலப் பலகாரம் என்று நாள் முழுக்க நடக்கும். டிசம்பரில் அங்கே போகிறவர்கள் இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே உள்ள நேரத்தில் போய்ச் சாப்பிடுங்கள், மனசு நிறையும். தனி ஆவர்த்தனத்தில் போய்ச் சாப்பிட்டால் உங்களுக்கும் நஷ்டம், மேடையில் இருப்பவருக்கும் வருத்தம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அஞ்சரைக்குத்தான் விடும். ஏழு மணிக்குக் கோவையில் நாடகம். சம்சாரத்தோட வர்றேன். சாப்பிட நேரமே இல்லீங்க. அரங்கத்துக்குள்ள ஏதாவது கொண்டுபோய்ச் சாப்பிடலாமுங்களா?
– திருப்பூர் வாசகர்

உள்ளே வேண்டாம் தம்பி. நாடகத்தில் ஒரு கதாபாத்திரம் பேசாமல் நிற்கிற ஒரு நிமிஷத்துக்காக நடிகர் எவ்வளவோ ஒத்திகை பார்த்திருப்பார். முறுக்குப் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் கிளம்பும்.

திருப்பூரிலிருந்து ரயிலோ பஸ்ஸோ, கோவை வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, கம்பெனி விடுகிற இடத்துப் பேக்கரியிலேயே ஆளுக்கு ஒரு தேங்காய் பன், ஒரு டீ. கொங்கு நாட்டில் பேக்கரி இல்லாத முக்கு கிடையாது, அதுதான் நமக்கு வசதி. இரண்டு வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ரயிலில் சாப்பிடலாம். நாடகம் ஒன்பது, ஒன்பதரைக்கு முடியும். பிறகு காந்திபுரத்திலோ ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கமோ நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே சம்சாரத்தோடு சாப்பிடுகிற அந்தச் சாப்பாடுதான் ருசி. நீங்கள் கேட்ட அந்த ரவா ரோஸ்ட்டையும் அப்போது சொல்லலாம் என்று பொள்ளாச்சி அம்மணிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கோவையில் ஓட்டல்களும் தியேட்டர்களும் சேர்ந்தே வளர்ந்தன என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?
– பீளமேடு கல்லூரி மாணவி

தாத்தா சொல்வது சரிதான் கண்ணு. ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். டவுன்ஹால் பக்கத்து வெரைட்டி ஹால் ரோடு அந்தப் பெயரைத்தான் இன்றும் வைத்திருக்கிறது.

சாப்பாட்டுப் பக்கம் பார்த்தால், கோவையின் அன்னபூர்ணாவைத் தொடங்கிய தாமோதரசாமி நாயுடுவும் அவர் குடும்பத்தாரும் முதலில் நடத்தியது கென்னடி தியேட்டரில் ஒரு கேன்டீன்தான். அதன் பிறகுதான் 1968-ல் ஆர்.எஸ்.புரத்தில் அன்னபூர்ணா வந்தது. படம் பார்க்க வந்தவர்களுக்குக் காபியும் பலகாரமும் கொடுத்துப் பழகிய கை அது. இடைவேளையில் ஒரே நேரத்தில் வந்து மொய்க்கிற கூட்டத்துக்குச் சூடாக, வேகமாக, ஒரே ருசியில் கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி இருந்தால் எந்த ஓட்டலையும் நடத்திவிடலாம். தாத்தாவிடம் அந்த நாளைய தியேட்டர் கேன்டீன்களைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்துக்கொள். அச்சில் வராத விஷயங்கள் அவரிடம் நிறைய இருக்கும்.

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போவேன். சாயங்காலச் சொற்பொழிவையும் கேட்பேன். பேரன்கள் அதற்கு முன்னாலேயே பள்ளிபாளையம் சிக்கன் வேண்டும் என்கிறார்கள். சரிப்படுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருந்துறை

அய்யா, பிள்ளைகளின் ஆசையில் நியாயம் இருக்கிறது. காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம், அந்த ஊர்ப் பெயரிலுள்ள கறியை அந்த ஊர்ப் பக்கத்தில் சாப்பிடாமல் வேறெங்கே சாப்பிடுவது? அதில் மசாலாப் பொடி போட மாட்டார்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, விதை உதிர்த்த வரமிளகாய், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். கறியின் சொந்தத் தண்ணீரிலேயே வெந்து சுருண்டு வர வேண்டும். ஈரோட்டில் ஜூனியர் குப்பண்ணா 1960-லிருந்து இருக்கிறது. சின்னச் சின்ன மெஸ்களிலும் அருமையாகக் கிடைக்கும்.

ஆனால் சாயங்காலச் சொற்பொழிவுக்கு முன்னால் வேண்டாம். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட்டில் நடத்திவரும் அந்தத் திருவிழாவில் பேச்சு நீளமாக இருக்கும், கேட்க வேண்டிய பேச்சாகவும் இருக்கும். கறியும் சோறும் உண்டுவிட்டுக் காற்றோட்டமான பந்தலில் உட்கார்ந்தால் பிள்ளைகள் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். மதியம் ஒரு மணிக்குக் கறிச்சோறு. பிறகு புத்தகக் கடைகளைச் சுற்றுங்கள், நடக்க நடக்கச் செரித்துவிடும். அஞ்சரைக்கு ஒரு சுண்டல், ஒரு பால். ஆறு மணிக்குப் பேச்சு.

நாடகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பில்லைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டோம். பிறகு பார்த்தால் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?
– வடவள்ளி வாசகி

கட்ட வேண்டியதில்லை அம்மணி. ஜி.எஸ்.டி. என்பது அரசாங்க வரி, சாதாரண ஓட்டல்களில் 5 சதவீதம். பெரிய நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம் வரும். அதை மறுக்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் வரியல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அடுத்த தடவை, “இதை எடுத்துட்டுப் பில் குடுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அதே சமயம் ஒன்று. பில்லில் வருகிற பணம் பரிமாறியவர் கைக்குப் போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. உங்கள் அவசரத்தைப் புரிந்துகொண்டு, உள்ளே போய் நின்று கேட்டு வாங்கி வந்தவர் அவர். அவர் கையிலேயே நேராகக் கொடுங்கள். சாயங்கால ஷிப்ட்காரர் தன் பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழாவைக்கூடப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்.

எங்க ஊருக் கோயில்ல அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு வெக்கிறோம். ராத்திரி முழுக்க நடக்கும். கோயமுத்தூர்லயிருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வர்றாங்க. “காங்கயத்துலயே நல்ல ஓட்டலாப் பாத்துச் சாப்பிட்டுட்டு வந்துடறோம், உங்களுக்குச் செரமம் வேண்டாம்”ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பலீங்க. என்ன பண்றது, சம்பந்தியம்மாகிட்ட எப்படிச் சொல்றது, என்ன செஞ்சு போடறது?
– காங்கயம் பக்கத்து வாசகி

அம்மணி, உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓட்டல்காரன் நானே சொல்கிறேன், அவர்களை ஓட்டலுக்கு விடாதீர்கள். உங்கள் பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டலில் நெய் ரோஸ்ட்டும் புரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு வந்தால் பதினொரு மணிக்குக் கண் சொக்கிவிடும். அண்ணன்மார் கதையின், அதாவது பொன்னர் சங்கர் கதையின், உயிர் பின்ஜாமத்தில்தான் இருக்கிறது. சங்கர் படுகளத்தில் விழுவதும், தங்கை தங்காள் அண்ணன்மாரைத் தேடி வந்து புலம்புவதும் விடிகாலையை ஒட்டித்தான் வரும். சில ஊர்களில் பல ராத்திரி தொடர்ந்து பாடுவார்கள், சில ஊர்களில் முக்கியமான கட்டங்களை எடுத்து ஒரே ராத்திரியில் முடிப்பார்கள். உங்களுடையது ஒரே ராத்திரி என்றால் முன்பகுதி மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் தூங்கிப்போனால் எதைக் கேட்டதாக ஆகும்? உடுக்கை ஓங்கி அடிக்கிற அந்தக் கட்டத்தில் ஊரே எழுந்து நிற்கும். சாமி வந்து ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். உங்கள் சம்பந்திகள் அப்போது விழித்திருக்க வேண்டும். அதற்கேற்ற சாப்பாடுதான் போட வேண்டும்.

ஏழு மணிக்கே சந்தகை போடுங்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து, நைசாக ஆட்டி, இட்லியாக வேகவைத்து எடுங்கள். ஆற விடாதீர்கள். கை பொறுக்காத சூட்டில் ஒருவர் அச்சில் போட, இன்னொருவர் அழுத்தினால்தான் இழை அறுந்துபோகாமல் இறங்கும். ஆறிவிட்டால் இரண்டு ஆள் தொங்கினாலும் இறங்காது. பாதிக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும். மீதிப் பாதியில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்து எலுமிச்சை பிழிந்துவிடுங்கள். வயிற்றில் கல்லாக உட்காராது. ஏற்கெனவே ஆவியில் வெந்த மாவுதானே, இரண்டு மணி நேரத்தில் லேசாகிவிடும். வந்தவர்களில் ஆண்பிள்ளைகள் சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரி இல்லை என்றால் அரிசிபருப்பு சாதம் ஒரு குண்டா செய்யுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தூக்கலாக, மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கறி விருந்து மறுநாள் மதியம் இருக்கட்டும், தூங்கி எழுந்து சாப்பிடலாம்.

நடுச்சாமத்தில் சுக்குமல்லி காப்பி. கருப்பட்டி போட்டுக் கொதிக்கக் கொதிக்கப் பாடுகிறவருக்கு முதலில் கொடுங்கள், அவருடைய தொண்டைதான் அன்றைக்கு எல்லாரையும் தூக்கி நிறுத்துவது. பிறகு சம்பந்திகளுக்கு. மூன்று மணிக்கு இன்னொரு சுற்று, கூடக் கொஞ்சம் பொரிகடலை.

சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். “செரமமெல்லாம் ஒண்ணுமில்லீங், பொழுதோட வந்துருங்க, சந்தகை புழியறதுக்கு ஒரு கை வேணும்” என்று சொல்லுங்கள். வேலையில் சேர்த்துக்கொண்டால் கூச்சம் போய்விடும்.

ஓர் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் வள்ளி கும்மி ஆடுகிற பெண்கள் இருந்தால் உடுக்கைக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது அது. பெண்களையும் அதற்குள் கொண்டுவந்த மேட்டுப்பாளையம் பக்கத்து வாத்தியார் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது இந்தப் பக்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் சந்தோஷப்பட்டோம். ஆடுகிற பெண்களுக்கு ஆடுவதற்கு முன் சாப்பாடு கொடுக்காதீர்கள், எலுமிச்சை ஜூஸ் போதும். ஆடி முடித்தவுடன் அவர்களைத்தான் முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும்.

அரங்கேற்றத்துக்குப் போகும் வழியில் ஓட்டலில் பட்டுச்சேலையில் சாம்பார் சிந்திவிட்டது. அங்கேயே சோப்புப் போட்டுத் தேய்த்தேன், கறை சிவப்பாகிவிட்டது!
– கோபிசெட்டிபாளையம் வாசகி

பயப்படாதீர்கள். மஞ்சள்மேல் சோப்பு பட்டால் சிவப்பாகத்தான் மாறும், அது மஞ்சளின் குணம். பட்டு என்பதால் தேய்க்காமல் டிரை கிளீனிங்கில், சாம்பார் கறை, சோப்பும் பட்டது என்று இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். இனிமேல் சிந்தினால் பருப்பை ஸ்பூனால் வழித்தெடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், அவ்வளவு போதும். பட்டு உடுத்திய நாளில் மடியில் விரிக்க ஒரு துண்டு கேளுங்கள். நான் இருந்த ஓட்டல்களில் குறைந்தது பத்து வெளுத்த துண்டுகள் கவுன்டரில் தயாராக இருக்கும்.

எங்கள் அபார்ட்மென்டிலிருந்து 20 பேர் ஒரு வேனில் பாரதிய வித்யா பவனுக்கு நாட்டிய நிகழ்ச்சி பார்க்க வருகிறோம். எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஓட்டலில் இடம் கொடுப்பார்களா?
– கணபதி வாசகர்

கொடுப்பார்கள், முந்தின நாளே போன் செய்தால். எத்தனை பேர், எத்தனை மணி, எத்தனை மணிக்கு எழுந்தாக வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். அஞ்சு மணிக்கு முன்னால் வந்தால் சேர்ந்தாற்போல மேசை போட்டுத்தருவார்கள். அஞ்சரைக்கு மேல் என்றால் நாலைந்து இடத்தில் பிரிந்துதான் உட்கார வேண்டியிருக்கும்.

20 பேரும் 20 விதமாகச் சொல்லாதீர்கள். வேனில் வரும்போதே ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்: இட்லி-வடை எத்தனை பேருக்கு, சாதா தோசை எத்தனை பேருக்கு, காபியில் சர்க்கரை இல்லாதது எத்தனை. உட்கார்ந்தவுடன் அந்தத் தாளைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டால் சமையல்கட்டு ஒரே மூச்சில் எடுத்துவிடும். ஒரே பில்லாக வாங்கி, கணக்கை வேனில் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பில் கேட்டால் கேஷ் கவுன்டரில் மட்டும் கால் மணி நேரம் போய்விடும். நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்கள் இருந்தால் அவர்களை முதலில் ஆட்டோவில் அரங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூட ஒருவர் போய் முன்வரிசையில் இடம் பார்த்து உட்கார வைக்கட்டும். மற்றவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும்.